குளம்புச் சத்தம்

நியாயாதிபதிகள் புத்தகத்தின் 4-ம் அதிகாரத்தையும் 5-ம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் அதே போர்தான். 4-ல் உரைநடை, 5-ல் பாட்டு. போன மாதம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், மேசையில் ஒரு பக்கம் வீட்டுத் தமிழ் வேதாகமம், இன்னொரு பக்கம் எபிரெய மூலம், நாலு வருஷமாகக் கற்றுவரும் எபிரெயத்தை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக. சின்ன வயசிலிருந்து தெரிந்த கதை. ஆனாலும் இந்தத் தடவை அந்தப் பாட்டின் சத்தம் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் கதை, தெரியாதவர்களுக்காக. ஆத்சோரில் ஆண்ட கானானிய ராஜா யாபீன், அவனுடைய படைத்தலைவன் சிசெரா. சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள். 20 வருஷமாக இஸ்ரவேலரைக் கொடுமையாக ஒடுக்கி வைத்திருக்கிறான். எப்பிராயீம் மலைநாட்டில் ஒரு பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்துவந்த தெபோராள் என்ற தீர்க்கதரிசி, பாராக்கைக் கூப்பிட்டு, 10,000 பேரோடு தாபோர் மலைக்குப் போ என்கிறாள். நீயும் வந்தால் போவேன் என்கிறான் அவன். வருகிறாள். மலையிலிருந்து இறங்குகிறார்கள், கர்த்தர் சிசெராவையும் அவன் ரதங்களையும் கலங்கடிக்கிறார், சிசெரா ரதத்தை விட்டுக் குதித்துக் கால்நடையாக ஓடுகிறான், யாகேல் என்ற பெண்ணின் கூடாரத்துக்குள் போய்ப் படுக்கிறான், அவள் கூடார ஆணியை அவன் நெற்றிப்பொட்டில் அடித்து இறக்குகிறாள்.

'கலங்கடித்தார்.' எபிரெயத்தில் 'வய்யாஹோம்'. செங்கடலில் பார்வோனின் சேனைக்கு நடந்ததைச் சொல்லும்போதும் யாத்திராகமம் 14-ல் இதே சொல்தான் வருகிறது. சரி, எப்படிக் கலங்கடித்தார்? 900 ரதம் வைத்திருப்பவன் எதற்காகத் தன் ரதத்தை விட்டு இறங்கி ஓட வேண்டும்? தப்பிக்க நினைப்பவன் குதிரையை விட்டுவிட்டுக் காலை நம்புவானா? உரைநடை இதற்குப் பதிலே சொல்வதில்லை.

பதில் பாட்டில் இருக்கிறது, அதுவும் சிதறிக் கிடக்கிறது. மழை என்ற சொல்லே அந்தப் பாட்டில் கிடையாது. தொடக்கத்தில், கர்த்தர் சேயீரிலிருந்து புறப்பட்டு ஏதோமின் வெளியிலிருந்து நடந்து வரும்போது பூமி அதிர்கிறது, வானம் சொட்டுகிறது, மேகங்கள் தண்ணீரைச் சொட்டுகின்றன. 'நாதாஃபூ' என்று ஒரு வினை, சொட்டுச் சொட்டாக விழுவதைச் சொல்வது, ஒரே வரியில் இரண்டு தடவை. அப்புறம் மேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 15 வசனங்கள் தாண்டி, மெகிதோவின் தண்ணீர் அருகே தானாக்கில் ராஜாக்கள் வந்து போர் செய்கிறார்கள், நட்சத்திரங்கள் போர் செய்கின்றன, கீசோன் நதி அவர்களை வாரிக்கொண்டு போகிறது. நடுவில் என்ன நடந்தது என்பதை நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கீசோன் பெரிய நதி ஒன்றும் இல்லை. யெஸ்ரயேல் சமவெளியின் தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு கர்மேல் மலையடிவாரமாகப் போய், இன்றைய ஹைஃபா பக்கத்தில் கடலில் விழும் சின்ன ஆறு. கோடையில் மேல்பகுதியில் பல இடங்களில் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அந்தச் சமவெளியின் மண் கனமான களி. எங்கள் ஊர்க் கரிசலும் அந்த வகை மண்தான் என்று தெரிந்த அன்று எனக்கு இந்தப் போர் மொத்தமும் விளங்கிவிட்டது. கரிசக்காட்டில் மழைக்கு அப்புறம் சைக்கிள் தள்ளியவர்களுக்குத் தெரியும்: பத்தடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது, குச்சியை விட்டு நோண்டி எடுக்க வேண்டும், நோண்டிவிட்டு நாலடி போனால் மறுபடியும் அதே கதை, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்போம். செருப்பு காலைவிடக் கனமாகிவிடும். அந்த மண்ணில் இரண்டு குதிரை பூட்டிய ரதத்தை நினைத்துப் பாருங்கள். சிசெரா ஏன் இறங்கி ஓடினான் என்பதற்கு வேறு காரணமே வேண்டாம். முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் இந்தக் கதையைத் திருப்பி எழுதும்போது, பெரிய புயல், மழை, ஆலங்கட்டி, காற்று கானானியரின் முகத்துக்கு நேராக அடித்தது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார். அவரும் நம்மைப் போலவே கூட்டிப் பார்த்திருக்கிறார்.

நட்சத்திரங்களிடம் கொஞ்ச நேரம் நிற்க ஆசை. "நட்சத்திரங்கள் தங்கள் அயனங்களிலிருந்து சிசெராவோடே யுத்தம்பண்ணின" என்பது நம் பழைய மொழிபெயர்ப்பு. எபிரெயத்தில் 'மெசில்லோத்', போட்டுச் சமன்செய்த பெருவழிகள், ராஜபாட்டை. அதற்கு 'அயனம்' என்ற சொல்லைப் பிடித்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று சூரியன் போகும் வழிக்கு நாம் வைத்திருக்கும் அதே சொல். நட்சத்திரங்கள் தங்கள் பாதையை விட்டு இறங்கவில்லை, வழக்கமான வழியில் போய்க்கொண்டே போரிடுகின்றன என்பது அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

நட்சத்திரம் எப்படிப் போரிடும்? 1929-ல் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் தோண்ட ஆரம்பித்தார்கள், உகாரித் என்ற பழைய நகரம் வெளியே வந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளின் மொழி எபிரெயத்துக்கு உறவு. அதில் ஒரு பாட்டில், அனாத் என்ற தேவி போர் முடிந்து கழுவிக்கொள்ளும்போது வானம் பொழியும் பனியிலும் நட்சத்திரங்கள் பொழியும் தூற்றலிலும் கழுவிக்கொள்கிறாள். நட்சத்திரங்கள் பொழியும் தூற்றல்! கானான் பக்கத்துக் கவிஞனுக்கு நட்சத்திரத்திலிருந்தும் மழை வரும். அதைத் தெரிந்துகொண்டு தெபோராளின் பாட்டுக்குத் திரும்பினால், நட்சத்திரங்கள் போரிட்டன என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே கீசோன் பெருகி வருவது காரணமும் விளைவுமாக நிற்கிறது.

கர்த்தர் போருக்கு வருவதைப் பாடும் எபிரெயப் பாடல்களில் அவர் பெரும்பாலும் தெற்கிலிருந்து, வனாந்தரப் பக்கத்திலிருந்து வருகிறார். இங்கே சேயீர், ஏதோம். உபாகமம் 33-ல் சீனாய், சேயீர், பாரான். ஆபகூக் 3-ல் தேமான், பாரான். சீனாய் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1970-களில் கிடைத்த, ஏறக்குறைய கி.மு. 800-ஐச் சேர்ந்த எழுத்துகளில் 'தேமானின் யாவே' என்றே எழுதியிருக்கிறது, யாவே என்பது கர்த்தரின் எபிரெயப் பெயர். சங்கீதம் 18-ல் அவர் சிறகுள்ள கேருபின்மேல் ஏறிப் பறந்து வருகிறார், மூக்கிலிருந்து புகை, ஆலங்கட்டி, நெருப்புத் தழல். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனாலும் எனக்கு அவற்றைவிட தெபோராளின் பாட்டுதான் நெருக்கம், ஏனென்றால் இதில் வானத்துக்குச் சில வரிகள்தான், மிச்சமெல்லாம் மனிதர்களுக்கு.

ஒப்பிட்டுப் பாருங்கள். கி.மு. 1274 வாக்கில் காதேசில் நடந்த போரைப் பற்றி எகிப்திய ராஜா இரண்டாம் ராம்சேஸ் கர்நாக், லுக்சோர் கோயில் சுவர்களில் வெட்டி வைத்த நீண்ட கவிதை இருக்கிறது. அதிலும் தெய்வம் வருகிறது. படை கைவிட்டு ஓடிய பிறகு தனியாக நிற்கும் அரசன் ஆமோனைக் கூப்பிடுகிறான், ஆமோன் கை கொடுக்கிறார், அதற்கப்புறம் அரசன் ஒருவனே எதிரிகள் எல்லாரையும் சாய்க்கிறான். தெய்வம் வருவது ராஜாவைப் பெரிதாக்க. தெபோராளின் பாட்டில் இஸ்ரவேலுக்கு ராஜாவே இல்லை. பாராக்கின் பெயருக்கு 'மின்னல்' என்று அர்த்தம், ஆனால் போர் நடக்கும் வரிகளில் அவன் வாளை உருவியதாகக்கூட இல்லை. 40,000 பேருக்கு நடுவே ஒரு கேடயமோ ஈட்டியோ கண்ணில் பட்டதா என்று பாட்டே கேட்கிறது.

ஆனால் இஸ்ரவேலின் கோத்திரங்களில் யார் யார் வந்தார்கள், யார் யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எப்பிராயீம், பென்யமீன், மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி வந்தார்கள். கீலேயாத் யோர்தானுக்கு அக்கரையிலேயே இருந்துவிட்டான். தாண் கப்பல்களோடு. ஆசேர் கடற்கரையில். ரூபனைப் பற்றி மட்டும் தெபோராள் கொஞ்சம் நின்று பேசுகிறாள்: மந்தைகளுக்கு ஊதும் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டு தொழுவங்களுக்கு நடுவே ஏன் உட்கார்ந்திருந்தாய்? 15-ம் வசனத்தில் ரூபனிடம் 'ஹிக்கெகே லேவ்', மனசின் பெரிய பெரிய தீர்மானங்கள். 16-ல் அதே வரி திரும்ப வரும்போது 'ஹிக்ரே லேவ்', மனசின் பெரிய பெரிய ஆராய்ச்சிகள். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. தீர்மானம் போட்டவன் யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். இதைவிடக் கூர்மையாக ஒருத்தனைக் கண்டிக்க முடியுமா!

அப்புறம் மேரோஸ். அந்த ஊரைச் சபியுங்கள் என்கிறார் கர்த்தருடைய தூதன், கர்த்தருக்குத் துணையாக அவர்கள் வரவில்லை என்பதற்காக. கர்த்தருக்குத் துணையாக! நட்சத்திரங்களையே அனுப்பியவருக்கு மேரோஸ்காரன் நாலு பேர் வந்து என்ன ஆகப்போகிறது? இந்த வசனத்தை எத்தனையோ பிரசங்கங்களில் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறேன். இப்போது இதுதான் பாட்டின் நடுமுள் என்று தோன்றுகிறது. வானம் இறங்கி வந்து போரிட்ட நாளிலும் மேரோஸின் இடம் காலியாக இருந்தது, அந்தக் காலி இடத்தை நட்சத்திரம் வந்து நிரப்பவில்லை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். 22-ம் வசனம்: 'ஆஸ் ஹால்மூ இக்வே சூஸ், மித்தஹரோத் தஹரோத் அப்பீராவ்.' எபிரெயம் ஒரு எழுத்துகூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லுங்கள். தஹரோத் தஹரோத். குதிரைகள் தறிகெட்டுப் பாயும் சத்தம். 'ஹால்மூ' என்றால் அடித்தன, சம்மட்டியால் அடிப்பதுபோல் அடித்தன. குளம்புகள் தரையை அடித்தன. போரைப் பற்றி நம் காதுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். யார் யாரை வெட்டினார்கள், எத்தனை தலை விழுந்தது, ஒன்றும் கிடையாது.

நாலு வசனம் கழித்து யாகேல். தண்ணீர் கேட்டான், பால் கொடுத்தாள், பிரபுக்களின் கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்தாள். அப்புறம் அவள் கையில் எடுப்பது 'ஹல்மூத்', வேலைக்காரரின் சம்மட்டி. அவள் செய்வது 'ஹாலெமா', அடித்தாள். குளம்புக்கு வந்த அதே சொல். சமவெளியில் ஆயிரக்கணக்கான குளம்புகளாகத் தொடங்கிய சத்தம் ஒரு கூடாரத்துக்குள், ஒரே ஒரு சம்மட்டியில் வந்து முடிகிறது. முடிந்ததும் தாளம் மாறுகிறது: காரா, நாஃபால், ஷாகாவ். மடங்கினான், விழுந்தான், கிடந்தான். மறுபடியும் மடங்கினான், விழுந்தான். மடங்கிய இடத்திலேயே விழுந்தான், செத்துக் கிடந்தான். கவிஞர் நம்மை அங்கிருந்து நகர விடுவதில்லை, ஒருத்தன் விழுவதை மூன்று தடவை விழ வைக்கிறார்.

அப்புறம் காட்சி சட்டென்று மாறுகிறது. சிசெராவின் அம்மா. பலகணியின் சட்டங்களுக்கு இடையே வெளியே பார்க்கிறாள். 'அவன் ரதம் ஏன் இன்னும் வரவில்லை? அவன் ரதங்களின் அடிச்சத்தம் ஏன் தாமதிக்கிறது?' அவள் காத்திருப்பது ஒரு சத்தத்துக்காக. அந்தச் சத்தம் எங்கே போனது என்று நமக்குத் தெரியும். சேற்றில் அடித்து, நதியில் போய், ஒரு கூடாரத்தில் ஆணியாக இறங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

செங்கடலைக் கடந்ததும் இஸ்ரவேலர் பாடிய பாட்டை, யாத்திராகமம் 15-ஐ, பக்கத்தில் வைத்தால்தான் இதன் முழுக் கனமும் தெரியும். யூதர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: ஜெப ஆலயத்தில் யாத்திராகமம் 15 வாசிக்கும் ஓய்வுநாளுக்குப் பாட்டின் ஓய்வுநாள் என்றே பெயர், அன்றைக்கு அதோடு சேர்த்து வாசிப்பது தெபோராளின் பாட்டு. வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான தோராவை எழுதும் சுருளில் செங்கடல் பாட்டை மற்ற பகுதிகளைப்போல் பத்தியாக எழுத மாட்டார்கள். செங்கல் சுவர் கட்டுவதுபோல, ஒரு வரியின் சொற்களுக்கு நேர் கீழே அடுத்த வரியின் இடைவெளி வரும்படி விட்டு விட்டு எழுதுவார்கள். அந்தப் பக்கத்தை முதல்முதலாகப் பார்த்தபோது, எழுத்தைவிட அந்த வெள்ளை இடங்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்து நிற்கும் தண்ணீர் மாதிரியே இருந்தது.

அந்தப் பாட்டில் கர்த்தர் 'ஈஷ் மில்ஹாமா', போர் மனிதர். நம் மொழிபெயர்ப்பு 'யுத்தத்தில் வல்லவர்' என்று பணிவாகச் சொல்கிறது, மூலம் அதைவிடத் துணிச்சல். உகாரித்துப் பாடல்களில் பாகால் தெய்வம் கடலோடு மோதி ஜெயிக்கும், கடலே எதிரி. இங்கே கடல் எதிரி இல்லை, அவர் மூக்கின் சுவாசத்துக்குக் கட்டுப்பட்டுக் குவியும் தண்ணீர். நடுவில், 9-ம் வசனத்தில், எதிரி பேசுகிறான்: எர்தோஃப், அஸ்ஸீக், அஹல்லேக் ஷாலால். தொடருவேன், பிடிப்பேன், கொள்ளையைப் பங்கிடுவேன். எபிரெயத்தில் வினைகள் ஒவ்வொன்றும் ஆலெஃப் எழுத்தில் தொடங்கி அடுக்கடுக்காக மோனை கட்டி வருகின்றன, தமிழில் 'வேன், வேன்' என்று கடைசியில் இடிக்கிறது. எந்த மொழியில் படித்தாலும் நான், நான், நான் என்று கேட்கும். அடுத்த வரி: நீர் ஊதினீர், கடல் மூடிக்கொண்டது. ஈயம்போல் அமிழ்ந்தார்கள்.

கொள்ளையைப் பங்கிடுவேன். சிசெராவின் அரண்மனையிலும் இதே சொற்கள் கேட்கின்றன. ஏன் தாமதம் என்று அம்மா கேட்க, அவளுடைய தோழிகளில் புத்திசாலிகளானவர்கள் சமாதானம் சொல்கிறார்கள், அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: கொள்ளை கிடைத்திருக்கும், பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெண்கள், சிசெராவுக்குச் சாயம் தோய்த்த சித்திர வேலைப்பாடுள்ள துணிகள். 'பெண்கள்' என்று மொழிபெயர்ப்பில் கௌரவமாக வந்துவிடுகிறது. மூலத்தில் 'ரஹம் ரஹமாதாயிம்'. ரெஹெம் என்றால் கருப்பை. ஆளுக்கு ஒரு கருப்பை, இரண்டு கருப்பை. 1868-ல் யோர்தானுக்குக் கிழக்கே கிடைத்த மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டிலும், பிடித்த ஊரில் கொன்ற பெண்களின் கணக்கில், இந்தச் சொல்லின் உறவான ஒரு சொல் இருக்கிறது. படைமுகாமில் புழங்கிய சொல்லாக இருக்க வேண்டும். அதை ஒரு தாயின் வாயில் வைத்திருக்கிறார் கவிஞர். 'இஸ்ரவேலிலே தாயாக எழும்பினேன்' என்று தெபோராள் பாடித் தொடங்கிய பாட்டு, இன்னொரு தாய் மற்ற பெண்களைக் கருப்பைகளாக எண்ணிக் கணக்குச் சொல்லிக்கொண்டு, வராத மகனுக்காகக் காத்திருப்பதில் வந்து நிற்கிறது.

இந்த இடத்தை எப்படிப் படிப்பது? எதிரியின் அம்மாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் வெற்றிப் பாட்டு என்று பல உரைகள் சொல்கின்றன. அந்தச் சிரிப்பு அதில் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 20 வருஷம் அந்த ரதங்களுக்குப் பயந்து பெருவழியை விட்டுப் பக்கவழியாக நடந்த ஜனங்களின் பாட்டு அது, அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் வெறும் சிரிப்புக்கு ஒரு வரி போதுமே. இவர் அவளை ஜன்னலில் நிறுத்தி, அவளைக் கேள்வி கேட்க வைத்து, பதிலும் சொல்ல வைத்து, அவள் என்ன நிறத் துணியை எதிர்பார்க்கிறாள் என்பதுவரை நமக்குக் காட்டுகிறார்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆச்சிதான் அதிகாரம் வாசிப்பாள். வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல், வம்ச வரலாற்று அட்டவணைகளைக்கூட விடாமல். தெபோராளின் பாட்டு வரும் ராத்திரி, யாகேலின் ஆணி வரைக்கும் பிள்ளைகள் நாங்கள் ஆர்வமாகக் கேட்போம். ஜன்னல் வந்ததும் ஆச்சியின் குரல் இறங்கிவிடும். "எவளா இருந்தா என்னலே, பெத்தவ" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போவாள். அதற்கு மேல் விளக்கம் சொன்னதே இல்லை.

இந்தக் காலத்துப் போர்களுக்கு இந்த வசனங்களை எடுத்துப் போர்த்துவதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு வலிக்கிறது. குண்டு போடுகிறவர்கள் பக்கம் நட்சத்திரங்கள் நிற்கின்றன என்று சொல்வதற்கு இந்தப் பாட்டை எடுப்பவர்கள் 20-ம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பாட்டில் நட்சத்திரங்கள் போரிட்டது 900 ரதம் வைத்திருந்தவனுக்கு எதிராக, கையில் ஈட்டி இல்லாதவர்களுக்காக. அது ஒரு பக்கம் இருக்கட்டும், 28-ம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜன்னலுக்கு அப்புறம் ஒரே வசனம்தான் பாக்கி. உம்முடைய சத்துருக்கள் எல்லாரும் இப்படியே அழியட்டும், அவரை நேசிக்கிறவர்கள் வல்லமையோடு உதிக்கும் சூரியனைப்போல் இருக்கட்டும். தேசம் 40 வருஷம் அமைதியாக இருந்தது. அந்த அம்மாவுக்கு யார் போய்ச் செய்தி சொன்னார்கள் என்று பாட்டில் இல்லை.

ஜன்னல் வசனத்தில் அவள் செய்ததைச் சொல்லும் வினை 'வத்தெயப்பேவ்'. எபிரெய வேதத்தில் அரிதான சொல். யூதப் புத்தாண்டில் ஆட்டுக்கொம்பு ஊத வேண்டும் என்று தோரா சொல்கிறது, ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. யூத ஆசிரியர்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத்தில், ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டுப் பகுதியில், இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். அரமேய மொழிபெயர்ப்பில் அந்த ஊதலுக்கு 'யெபாவா' என்று இருக்கிறது, அதே வேர்ச்சொல் எங்கே வருகிறது என்று தேடிப் போய் சிசெராவின் அம்மாவின் ஜன்னலில் நிற்கிறார்கள். அவள் எப்படி அழுதாள்? நீளமாக முனகினாளா, விட்டு விட்டு விம்மினாளா? ஒருவர் அப்படி என்கிறார், ஒருவர் இப்படி என்கிறார். முடிவு கிடைக்காததால் இரண்டு விதமாகவும் ஊதுகிறார்கள், இரண்டையும் சேர்த்தும் ஊதுகிறார்கள். அந்த ஊதலின் ஒலிப்பதிவு ஒன்றை நேற்று ராத்திரி கேட்டேன். முதலில் மூன்று நீள முனகல், அப்புறம் ஒன்பது சின்னச் சின்ன விம்மல்.